கேப்டன் நாகேஸ்வரனின் காது

இரங்கல் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசட்டும், சேஷன் மட்டும் பேசக் கூடாது என்று வலியசாலையில் பாதிப் பேர் நினைத்தார்கள்.

ஆனால் தெரு சங்கத்தின் செயலாளர் அவர்தானே! முதல் ஆளாக மைக்கைப் பிடித்துவிட்டார்.

"எழுபத்தொண்ணு யுத்தத்துல, குண்டு மழைக்கு நடுவுல பாலம் போட்ட என்ஜினீயர் நம்ம கேப்டன் நாகேஸ்வரன். அங்கேதான் காதைப் பறிகொடுத்தார். ரிட்டயர் ஆகி வந்தும் சும்மா இருந்தாரா? கால்வாய்க் கரையில இருக்கிற கட்டட வேலைக்காராளுக்குக் குழாய்த் தண்ணி வாங்கிக் கொடுத்துட்டுத்தான் ஓய்ந்தார்!"

பின்வரிசையில் யாரோ பலமாகக் கனைத்தார்கள்.

கனைக்க மாட்டார்களா? அந்தக் குழாய் வரக் கூடாது என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவரே சேஷன்தான். "நம்ம தெருத் தண்ணியை ஊருக்குத் தாரை வார்க்கறது பார், செவிட்டு முண்டம்!" என்று கேப்டனின் முதுகுக்குப் பின்னால் நின்று உரக்கவே சொல்வார். சுற்றி இருப்பவர்கள் நெளிவார்கள். கேப்டன் திரும்பி, "என்ன சேஷா, காப்பி ஆச்சா?" என்று சிரிப்பார்.

சேஷனுக்கும் அதெல்லாம் ஞாபகம் வந்தது. நல்லவேளை, மனுஷர் காதில் ஒன்றுமே விழவில்லை.

அடுத்து கொத்தனார் வேல்சாமி மைக் முன்னால் வந்தார்.

"தண்ணி ஆபீசுல இருந்த மலையாள ஆபீசரு, 'பற்றில்ல, நடக்காது'ன்னு கத்துவாரு. நம்ம சாரு காதுல கைய வச்சிக்கிட்டு, 'என்னது, நாளைக்கா? சரி, நாளைக்கே வரேன்'ம்பாரு! தெனமும் இதே கூத்து. கடைசியில அந்த ஆபீசரே, 'மதி சாரே, போதும், குழாய் தந்நேக்காம்'னு கும்பிட்டுட்டாரு!"

இரங்கல் கூட்டம் என்பதையே மறந்து எல்லோரும் சிரித்தார்கள். கேப்டனின் மனைவி விஜயம் மாமியும்தான்.

சேஷன் மட்டும் சிரிக்கவில்லை. மகளுக்குப் பிரசவ வலி கண்ட நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து பந்த். ஒரு ஆட்டோ கிடையாது. சேஷன் கேப்டன் வீட்டுக்குத்தான் ஓடினார். கேப்டன்தான் தன் பழைய ஜீப்பை எடுத்தார். வழி மறித்தவர்களிடம் மல்லுக்கு நின்று, ஆஸ்பத்திரியில் சேர்த்து, தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் சேஷன் மாமியிடம் போனார்.

"கடைசி வரைக்கும் காது கேக்காமலே போய்ச் சேர்ந்துட்டாரே மாமி."

"காதா? அது அப்பவே மிலிட்டரி ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி சரியாயிடுத்தே!"

"அப்போ... நான் பேசினதெல்லாம்?"

"ஒண்ணு விடாம கேட்டுண்டுதான் இருந்தார். 'திருப்பி நாலு வார்த்தை கேக்கப்படாதா'ன்னு நான்கூட சண்டை போட்டிருக்கேன்." மாமி எழுந்து புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "'வேண்டாம் விஜயம், எனக்குக் கேக்கறதுன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஒரு ஆபத்துன்னா நம்மாத்து வாசப்படி ஏற சேஷன் கூச்சப்படுவான்'னுட்டார்."