ஒன்றரை நிமிஷம்

"ஊர்ல இல்லாததைப் போய் இன்னும் எவ்வளவு நேரம்தான் தேடும் இந்தச் சனியன்?"

தினமும் காலை ஒன்பது மணிக்கு அப்பா தன் கம்ப்யூட்டரைப் பார்த்து இப்படித்தான் கத்துவார். அது பாவம், என்ன செய்யும்?

வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பது அப்பா வேலை. முன்னறைதான் ஆபீஸ். அக்காவும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து வரைவார்கள். முடிந்த பிளான் எல்லாம் அக்கா கம்ப்யூட்டரில் 'பிளான்' என்ற ஃபோல்டரில் இருக்கும். நெட்வொர்க் வழியாக அப்பா தன் நாற்காலியிலிருந்தே அதைத் திறந்துகொள்வார். ரெண்டு கம்ப்யூட்டரும் ஓடுவது லினக்ஸ் என்ற சாஃப்ட்வேரில். ரெண்டையும் இணைத்து வைத்தது அக்கா.

ஏழு மாசத்துக்கு முன்னால், வீடு கட்டப்போகிறவர் வந்து உட்கார்ந்திருந்தபோது, அப்பா வரைந்ததை அக்கா எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இந்த ஸ்டோர் ரூமுக்குள்ள எப்படிப் போறது? கதவே இல்லையே."

வந்தவர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

"அவ்வளவு தெரிஞ்சவ தனியாப் போய் வரைய வேண்டியதுதானே?"

போய்விட்டாள். கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு, வேறு ஊரில் வேறு ஆபீஸுக்கு. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண்.

அன்றிலிருந்து வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது. அப்பாவின் கம்ப்யூட்டருக்கு மட்டும் இதை யாரும் சொல்லவில்லை. காலையில் உயிர் வந்ததும் அது அக்கா கம்ப்யூட்டரைத்தான் தேடும். காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன் என்று திரையில் நொடிகளை எண்ணும். சரியாக ஒன்றரை நிமிஷம். பிறகு கையை விரித்துவிட்டுத் திறக்கும். அதுவரை அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி திட்டுவார்.

"தேடச் சொல்லி உள்ள ஒரு வரி இருக்குப்பா. அதை அழிச்சா உடனே திறக்கும்" என்றேன்.

"கை வச்சே, தொலைச்சிடுவேன்."

வயர் மாற்ற வந்த ரிப்பேர்காரரும் அதே வரியைத்தான் காட்டினார். அவருக்கும் அதே பதில், கொஞ்சம் மரியாதையோடு. உங்க வேலை வயரோட நிக்கட்டும் என்றார் அப்பா.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்த பொண்ணை ஒரே வார்த்தையில அழிச்ச மனுஷன். இந்த ஒரு வரியை அழிக்க இவருக்குக் கௌரவம் தடுக்குது."

எனக்கு ஒரு வித்தை உண்டு. யார் குரலும் வரும். தலைமையாசிரியர் குரலில் பக்கத்து வகுப்புக்கு லீவு விட்டு, மூன்று நாள் வராந்தாவில் நின்றிருக்கிறேன். சித்தி குரலில் 'இதோ வந்துட்டே இருக்கேன்' என்று போன் போட்டு, அம்மாவை வீடு முழுக்கப் பெருக்க வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் குரலில் அக்காவுக்குப் போன் போடுவேன். முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

அப்பா குரலில் 'வீட்டுக்கு வாம்மா' என்று சொல்லிப் பார்க்கவும் ஆசைதான். வரவில்லை. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டிருந்தால்தானே வரும்?

சரி, மனுஷங்களை முடித்தாயிற்று. கம்ப்யூட்டர் மாதிரி மிமிக்ரி பண்ணினால் என்ன?

அப்பா கட்டடம் பார்க்கப் போயிருந்த மதியம், மூலையில் கிடந்த என் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டேன். அக்கா கம்ப்யூட்டரின் பெயர், அதே நெட்வொர்க் எண், அதே 'பிளான்' ஃபோல்டர் எல்லாம் அதற்குக் கொடுத்தேன்; அப்பாவின் கம்ப்யூட்டர் இதை அக்காவுடையது என்றே நம்பும். அப்பா பக்கமிருந்து திறந்தால் 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அடித்தது. யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலில் அப்பாவைச் சேர்க்க மறந்திருந்தேன். சேர்த்தேன். திறந்தது. என் திறமையைப் பார்த்து எனக்கே பொறாமை.

பழையதை அணைக்காமல் விட்டேன். நாளைக்குக் காத்திருப்பும் இல்லை, திட்டும் இல்லை. 'யாருடா சரி பண்ணது?' என்று கேட்பார். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா ஸ்விட்சைத் தட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவதற்கு வாயைத் திறந்தார்.

கம்ப்யூட்டர் சட்டென்று திறந்துகொண்டது. திரையில் 'பிளான்'.

ஒரு பக்கம் மட்டும் துடைத்த கண்ணாடியை அப்படியே மாட்டிக்கொண்டு பார்த்தார். எழுந்தார். எதிர் மேஜை காலியாக இருந்தது. வாசலுக்குப் போய், கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அங்கிருந்து நேரே சமையலறைக்கு.

"பெரியவ எப்ப வந்தா? குளிக்கிறாளா?"

அம்மா கையில் கரண்டி அப்படியே நின்றது. "என்னங்க சொல்றீங்க?"

"அவ கம்ப்யூட்டர் வந்துடுச்சு. தினமும்தான் பாக்கறேன். இன்னிக்குத்தான் வந்துது."

நான் சமையலறைக்குள் வந்தேன்.

"அப்பா... அது நான்தாம்பா."

ஒன்று விடுவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அங்கிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான்.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கு யார் குரல்டா?" என்றாள்.

"அப்பா குரல்" என்றேன். போனை அவர் கையில் திணித்தேன்.

காதில் வைத்தவர் பேசவே இல்லை. ஒன்றரை நிமிஷமாவது இருக்கும். அந்தப் பக்கம் அக்காவும் வைக்கவில்லை.

அப்புறம் அப்பா சொன்னார்.

"அந்த ஸ்டோர் ரூமுக்குக் கதவு வச்சிட்டேம்மா."