துண்டுக்குள் ஒரு கை

மாட்டுத் தரகை விட்ட குப்பண்ணன், எழுபது வயதில் கை வைத்து நோய் தீர்க்கும் பயிற்சிக்குப் போய்வந்தார். முதல் நோயாளி, பக்கவாதத்தில் வலது கை விழுந்த மனைவி பாவாயி. சொல்லிக்கொடுத்தபடி கண்ணை மூடி உள்ளங்கையை வைத்தார்; அவருக்குத் தூக்கம்தான் வந்தது. சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதுபோல, அவளுடைய விழுந்த கையையும் தன் கையையும் சேர்த்துத் துண்டால் மூடினார்.

“உன் நோவை எனக்குக் குடுத்துரு. இதான் வெலை” என்று அவள் விரல்கள் மூன்றை அழுத்தினார்.

“அம்பது வருசமா என்னையச் சந்தைப் பக்கமே உட்டதில்ல. இப்ப எங்கிட்டயே யாவாரமுங்களா?”

நாலு மாதமாக அசையாத அவளுடைய சுண்டுவிரல் துண்டுக்குள் மெல்ல மடங்கி, அவர் விரலைத் தள்ளியது. எந்த விலைக்கும் முகம் மாறாத தரகருக்கு உதடு துடித்தது. பாவாயி தலையை நிமிர்த்தினாள்.

“கட்டாதுங்க. இன்னும் ஏத்திக் கேளுங்க.”