கைக்குட்டை விழுந்த இடம்

கைக்குட்டை மூன்றாவது முறையாகக் கீழே விழுந்தது.

அவர் அதை உடனே எடுக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு கையால் கடைத் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார்.

குனிந்தபடியே, கீழ்த் தட்டில் இருந்த நெய்யின் விலையைப் படித்தார்.

இந்தக் கடையில் விலை கூடிய சரக்கு கண்ணுக்கு நேரே நிற்கும். மலிவான சரக்கு காலடியில் கிடக்கும். அதன் விலை தெரிய வேண்டுமானால் முதுகை வளைக்க வேண்டும்.

அவர் வீட்டில் யாரும் கடையில் விலை கேட்டதில்லை. சாமானின் பெயரைச் சொல்வார்கள். அது வீட்டுக்கு வந்து சேரும். விலை கேட்கிறவன் வாங்க வக்கில்லாதவன் என்பது அவருடைய அப்பாவின் தீர்மானம். அவர் அதை மாற்றவில்லை.

அதனால்தான் கைக்குட்டை.

காலையில் ஜங்ஷனில் ஒரு கடை பார்த்தாயிற்று. இப்போது பேட்டையில் இது. பாளையங்கோட்டைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று பஸ் ஏறி வந்திருந்தார். இரண்டு கடை விலையும் மனதுக்குள் இருந்தன. சீட்டில் எழுதிக்கொள்வது கௌரவக் குறைச்சல்.

நாளை மறுவீட்டு விருந்து. மகள் வடிவு, மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டார் எல்லோரும் வருகிறார்கள். கல்யாணம் தின்றது போக பென்ஷனில் மிஞ்சியதைக் கொண்டு இலை நிறைய வேண்டும். அந்த இலையைப் பார்த்துத்தான் புகுந்த வீட்டில் பெண்ணுக்கு மதிப்புப் போடுவார்கள்.

நல்ல நெய் வாங்கினால் முழு முந்திரி வாங்க முடியாது. முழு முந்திரி வாங்கினால் நெய் கீழ்த் தட்டுக்கு இறங்கிவிடும்.

உடைசல் முந்திரி என்ன விலை என்று பார்த்துவிட்டால் முடிவு செய்துவிடலாம்.

கைக்குட்டை நான்காவது முறை விழுந்தபோது கடைப் பெண் ஓடி வந்துவிட்டாள்.

"தாத்தா, நீங்க குனியாதீய. நான் எடுத்துத் தாரேன்."

எடுத்தாள். தூசி தட்டி, மடித்தும் கொடுத்தாள். அவர் விறைப்பாகத் தலையசைத்தார். அவள் போகும்வரை கடுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது வரிசையின் அந்தக் கோடியில் சாவிக்கொத்து விழும் சத்தம் கேட்டது.

ஆவுடையப்பன்.

சம்பந்தி.

நிச்சயத்தன்று சபை நடுவில் நிமிர்ந்து நின்று, எங்களுக்கு ஒரு குண்டுமணி தங்கம்கூட வேண்டாம், பெண்ணை மட்டும் அனுப்புங்கள் என்று சொன்ன மனிதர். அந்தச் சொல்லைப் பெண்ணின் அப்பாவாக அவர் இன்னும் தோளில் சுமந்துகொண்டிருந்தார். ஒரு விருந்தாவது அதற்கு ஈடாகப் போட்டாக வேண்டும்.

சம்பந்தி பேரீச்சம்பழத்தின் முன்னால் குந்தியிருந்தார். சாவி எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார்.

கற்கண்டு இருந்த இடத்தில் சாவி மறுபடியும் விழுந்தது.

அவர் தன் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார்.

சம்பந்தி கூடையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேல் தட்டிலேயே திரும்ப வைத்தார். கீழேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கூடையில் போட்டார். மறுவீட்டுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வர முடியாது. அவர்கள் கொண்டுவரும் தட்டும் நிறைய வேண்டும்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். சம்பந்தியைப் பார்த்தால் கும்பிட்டு, வாங்க என்று சொல்வதுதான் முறை.

அவர் கூப்பிடாமல், தன் கூடையோடு திரும்பினார். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்றார்.

ஒளியவில்லை. பெண் கொடுத்த வீட்டின் மானம் இனி தன் வீட்டு மானம். அதைக் காக்கச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டுமென்றால், நிற்க வேண்டியதுதான்.

சாவிச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

அவர் திரும்பி வந்து நல்ல நெய்யை எடுத்துக்கொண்டார். பிறகு உடைசல் முந்திரி.

வீட்டில் மனைவி பிரம்மு பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள். அவர் நெய்யை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

மறுநாள் வெள்ளித் தட்டில் பேரீச்சையும் கற்கண்டும் குவிந்து வந்தன. இரண்டு கையாலும் வாங்கினார். சாமி முன்னால் வைக்கச் சொன்னார்.

கூடத்தில் பந்தி. எல்லாம் முறையாக நடந்தது.

பாயசம் வந்தது.

சம்பந்தியம்மாள் இலையில் விரலால் எதையோ ஓரமாக ஒதுக்கினார். அரைப் பருப்புக்கும் குறைந்த ஒரு முந்திரித் துணுக்கு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவோரம் நின்ற வடிவின் முகம் சுண்டியது. பிரம்முவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

ஆவுடையப்பன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"முழு முந்திரின்னா நாலு பேர் இலையில விழும், நாலு பேர் இலையில விழாது. இப்படி ஒடச்சுப் போட்டாத்தான் வாய்க்கு வாய் வருது. நம்ம வீட்டுலயும் இனிமே இதான்."

சம்பந்தியம்மாள் அந்தத் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த வீட்டில் ஆண்கள் பரிமாறியதில்லை.

அவர் எழுந்து போய் மனைவி கையிலிருந்து பாயசப் பாத்திரத்தை வாங்கினார். சம்பந்தியின் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

இடுப்பு நோக, நன்றாகக் குனிந்து, ஊற்றினார்.

கைக்குட்டை சட்டைப்பையிலேயே இருந்தது.