குருசு கீறின பூசணி

"இஞ்சருங்கோ, ஓடியாங்கோ! அவ எலிக்குச் சாப்பாடு வைக்கிறா!"

அஞ்சலா போட்ட சத்தத்தில் அவள் புருசன் மில்ரன், கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"ஆர்?"

"வேற ஆர்? பக்கத்து வளவு மகாராணிதான். தேங்காய்ச் சொட்டு, கருவாட்டுத் தலை எல்லாம் கொண்டுவந்து வேலியோட வைக்கிறா. மூண்டு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

மில்ரனுக்கு நம்ப முடியவில்லை. எலிக்கு யாராவது விருந்து வைப்பார்களா?

தோட்டவெளிக் கிராமத்தில் இந்த வருசம் எலிகளுக்குத்தான் ராசயோகம். அஞ்சலாவின் வீட்டுத்தோட்டத்தில் கத்தரி போச்சு, பயற்றங்காய் போச்சு. பொறி வைத்தார்கள். தேங்காய்த் துண்டு போனதே தவிர, ஒரு எலி அகப்படவில்லை. பாசாணம் வைத்தார்கள். செத்தது வீட்டுப் பூனை. அதற்குப் பிறகு எலிகளைக் கேட்பாரில்லை.

மிஞ்சியது ஒரேயொரு பூசணிக்காய். அதுவும் சும்மா காயில்லை, அந்தோனியார் திருநாள் ஏலத்துக்கு அஞ்சலா நேர்ந்துவிட்ட காய். பிஞ்சாக இருந்தபோதே ஊசியால் அதில் சிலுவை அடையாளமாக ஒரு குருசு கீறிவிட்டாள். காய் பருக்கப் பருக்கக் குருசும் பருத்து, இப்போது உள்ளங்கை அகலத்துக்கு நிற்கிறது. எலியின் பல்லுப் பட்டால் கோயிலுக்குக் கொடுக்க ஏலாது. திருநாளுக்கு இன்னும் இரண்டு நாள் கிடந்தது.

"என்னத்துக்கடி நேர்ந்தனீ?" என்று மில்ரனும் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டான்.

"சொன்னால் பலிக்காது" என்று வாயை இறுக்கிக்கொள்வாள்.

பக்கத்து வளவுக் கனகம்மா முப்பது வருசம் இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டு, நாலு மாதத்துக்கு முன்புதான் தன் காணிக்குத் திரும்பி வந்தவள். தகரக் கொட்டில் ஒன்று போட்டு, மரவள்ளியும் மிளகாயும் நட்டிருந்தாள். அதுவரைக்கும் அந்த வளவில் மேய்ந்தது அஞ்சலாவின் ஆடுகள்தான். கனகம்மா வந்த நாள் தொட்டு அஞ்சலா அவளோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை.

"எங்கட காய் நாசமாப் போகட்டும் எண்டுதான் எலியைக் கூப்பிடுறா. வாங்கோ, இண்டைக்கு ரெண்டில ஒண்டு பாப்பம்!"

இருட்டிக்கொண்டு வருகிற மைமல் பொழுது. இருவரும் படலையைத் தள்ளிக்கொண்டு கனகம்மாவின் வளவுக்குள் போனார்கள். அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வேலிப் பக்கம் பார்த்தபடி குந்தியிருந்தாள்.

"உஸ்... சத்தம் போடாதேங்கோ தம்பி. இதுதான் அதுகள் வாற நேரம்."

"வரவழைச்சதே நீங்கள்தானே!" அஞ்சலா வாயெடுத்தாள். மில்ரன் அவள் கையைப் பிடித்து அமத்தினான். அவன் கண் வேலிக்கு அங்காலே போயிருந்தது.

அஞ்சலாவின் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற பனை வடலிக்குள்ளிருந்து எலிகள் வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. பூசணிக் கொடிக்குள்ளால் ஒன்றன்பின் ஒன்றாக நேரே வந்தன. ஒரு பெரிய எலி பூசணிக்காயின் மேலேயே ஏறி நின்றது. அஞ்சலா நெஞ்சில் குருசு போட்டுக்கொண்டாள். எலி குருசுக்கு மேலே மூக்கைத் தேய்த்தது, ஒருதரம் முகர்ந்து பார்த்தது, இறங்கிப் போய்விட்டது. பின்னால் வந்த ஒன்றும் காயைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் வேலிக்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்து, கனகம்மா வைத்ததைச் சுற்றிக்கொண்டன.

"என்ர அந்தோனியாரே!" என்றான் மில்ரன்.

கடலில் கடற்பசுவைக் கண்டவன், திமிங்கிலத்தைக் கண்டவன். இப்படியொரு காட்சியை அவன் சென்மத்திலும் கண்டதில்லை.

தின்று முடித்த எலிகள் அதோடு நிற்கவில்லை. மரவள்ளிப் பாத்திக்குள் இறங்கின. அப்போதுதான் மில்ரன் கனகம்மாவின் தோட்டத்தை வடிவாகப் பார்த்தான். ஒரு மரவள்ளி உருப்படியாக இல்லை. கிழங்கெல்லாம் எலி குடைந்து கோறை. மிளகாய்க் கன்று இருந்த இடத்தில் வெறும் குழி.

"என்னக்கா இது? உங்கட தோட்டம் முழுக்க..."

"நான் அண்டைக்கு வேலியால பாத்தனான் தம்பி. காயில குருசு கிடந்தது. கோயிலுக்குச் சொன்ன காய் எண்டு விளங்கிச்சு. முகாமில எலி பிள்ளையளின்ர கால்விரலைக் கடிக்கும். அதால படுக்க முதல் வாசலில ஒரு பிடி சோறு வைப்பம். வயிறு நிறைஞ்ச எலி பிள்ளையைத் தொடாது. அதைத்தான் இஞ்சையும் செய்தனான்."

"அதுக்காக நட்டதெல்லாத்தையும் எலிக்குக் குடுப்பீங்களோ?"

"மரவள்ளியைத் திரும்ப நடலாம். சாமிக்குச் சொன்னதைத் திரும்ப நட ஏலுமோ?" கனகம்மா அஞ்சலாவின் பக்கம் திரும்பினாள். "தம்பி கடலுக்குப் போற ஆள். நீ ஆருக்காக நேர்ந்திருப்பாய் எண்டு எனக்குத் தெரியாதோ பிள்ளை? ஒண்டும் சொல்லாதை, சொன்னால் பலிக்காது. பயப்பிடாமப் போய்ப் படு. இன்னும் ரெண்டு நாள்தானே, நான் பாத்துக்கொள்ளுறன்."

சண்டைக்கு வந்த அஞ்சலா விறுவிறென்று வீட்டுக்கு நடந்தாள். மில்ரன் பின்னால் போய்ப் பார்த்தபோது குசினி வாசலில் குந்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி இது? இப்பிடி ஒரு மனுசி பக்கத்தில கிடைச்சதுக்குச் சந்தோசப்படாமல் அழுறாய். அவ சரியாத்தானே கண்டுபிடிச்சா? எனக்குக் கடலில ஒண்டும் வரக்கூடாது எண்டுதானே நேர்ந்தனீ?"

அஞ்சலா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இல்லையப்பா... அவ இந்த வளவை விட்டுட்டுத் திரும்ப இந்தியாவுக்கே போயிடவேணும் எண்டுதான் நான் நேர்ந்தனான்."