சாணித் திருடி

"மாட்டிக்கிட்டியா! கீழே வை வாளியை!"

ஆஸ்பர்ட் போட்ட சத்தத்தில் இங்கிலாந்தின் அந்த சஃபோக் கடற்கரைத் தெருவே ஜன்னலைத் திறந்தது. அவர் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு டல்சி திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த வாளி நிறைய குதிரைச் சாணி.

"லாயத்துல இருந்து தினம் நான் சுமந்துட்டு வந்து போடறேன். ஆஸ்பத்திரிக்கு நான் பஸ் ஏறினதும் நீ அள்ளிட்டுப் போறியா? உன் ரோஜாவுக்கா?"

டல்சி வாளியைக் கீழே வைத்தாள்.

பாவம், மனுஷனுக்குக் கோபம் வராமல் இருக்குமா? அவர் சாணி போட்டு வளர்ப்பது, மனைவி ஹெட்டி போன வருஷம் வாசல் கூழாங்கல்லில் விதைத்த கடல்பட்டாணிக் கொடி. இந்தக் கோடையில்தான் முதல் பூ. அதற்குள் அவள் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். "நீ வீட்டுக்கு வரும்போது பூத்திருக்கும்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். செடி கொடி பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பாசம் மட்டும் வாளி வாளியாக இருந்தது.

"நல்ல பொம்பளைன்னு நெனச்சேனே. சீ!"

அன்று மாலையே பப் முழுக்க இதே பேச்சு. "சாணித் திருடி வர்றா, மூக்கைப் பிடிங்கப்பா!" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். அதற்கப்புறமும் சாணி காணாமல் போனது. என்ன நெஞ்சழுத்தம்!

ஜூன் மாதம் ஹெட்டி ஊன்றுகோலோடு வந்து இறங்கினாள். கூழாங்கல் மேல் கொடி படர்ந்து ஊதாப் பூவாகக் கிடந்தது.

"பாத்தியா ஹெட்டி? அந்தத் திருடி அவ்வளவு அள்ளியும் பூத்துடுச்சு! எல்லாம் என் உரம்!"

"உன் கைராசி யாருக்கு வரும்!" ஹெட்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் டீ போட உள்ளே போனதும், மெல்ல வேலியோரம் போய் டல்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கு வெறும் கல்லும் உப்புக்காத்தும் போதும். உரம் போட்டா அழுகிடும்னு சொன்னா மனுஷன் இடிஞ்சு போயிடுவார். நான் இல்லாத வீட்ல அவருக்கு இருந்த ஒரே பிடிப்பு அது. சாணியை அள்ளிடுன்னு போன்ல நான் கேட்டேன்னு, ஊர் ஏச்செல்லாம் வாங்கிக்கிட்டியேடி..."

"அட, அதை விடு. நாளைக்கு என்ன பண்றது?"

"நாளைக்கும் லாயத்துக்குப் போவார். மறக்காம வந்து திருடிடு!"