மிச்சம் மூணு ஸ்டூல்

அனுசுயா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஆடித் தள்ளுபடி, மூணாவது நாள், மத்தியானம். பூந்தமல்லியில் ஜவுளிக்கடை, புடவை மாடி. கஸ்டமர் யாரும் இல்லாத கொஞ்ச நேரம். நான் குடோனிலிருந்து பண்டல் தூக்கிவந்து இறக்கிக்கொண்டிருந்தேன்.

வேலையாட்கள் உட்கார இடம் தரணும் என்று கவர்மென்ட் சட்டம் போட்டதும் மாடிக்கு நாலு ஸ்டூல் வந்தது. ஆபீசர் வந்து போட்டோ எடுத்துப் போனார். அப்புறம் பொம்மைக்குப் புடவை கட்ட அதில் ஏறி நிற்பதோடு சரி. உட்கார்ந்தவர் கிடையாது.

மாடி மேனேஜர் பிரசன்னா வந்தான். மகாராணிக்குக் காப்பி சொல்லட்டுமா என்று கேட்டான். மற்ற பெண்கள் சிரித்தார்கள். பயத்தில் வருமே, அந்தச் சிரிப்பு.

“கஸ்டமர் வந்தா எந்திரிக்கிறேன் சார்.”



ஐம்பத்திரண்டு வயசில் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் அனுசுயாதான். புடவைப் பெட்டி அட்டையில் பெரிசு பெரிசாக எழுதித் தருவாள். போன வாரம் தந்தது ரோசா பார்க்ஸ் கதை. அமெரிக்காவில் ஒரு கறுப்பு அம்மா. துணிக்கடையில் தையல் வேலை. வெள்ளைக்காரனுக்கு இடம் விடு என்று பஸ் டிரைவர் சொல்லியும் எழவில்லை. போலீஸ் பிடித்தது. அந்த ஊர்க் கறுப்பு ஜனம் ஒரு வருஷத்துக்கு மேல் பஸ் ஏறாமல் நடந்தது. சட்டம் மாறியது.

அந்தம்மாவுக்கு வேலை போன விஷயமும் அட்டையில் இருந்தது. அந்த வரியை நான் சீக்கிரம் தாண்டிவிட்டேன்.

சொல் கேட்கவில்லை என்று பிரசன்னா காகிதத்தில் எழுதினான். ஒரு சாட்சிக் கையெழுத்து விழுந்தால் போதும், இன்றைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பிவிடலாம்.

மாடியில் பதினோரு பேர் நின்றிருந்தோம். மிச்சம் மூணு ஸ்டூல் காலியாகவே கிடந்தது.

பெண்கள் மடித்த புடவையையே மறுபடி மடித்தார்கள். பிரசன்னா என்னிடம் வந்தான். கைநாட்டா, கையெழுத்தா என்று கேட்டான்.

முன்னெல்லாம் என்றால் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கட்டைவிரலை வைத்திருப்பேன். இப்போது எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு எழுத்தும் தடுக்கவில்லை.

பேனா கையிலேயே நின்றது.

“போட்டுடு அண்ணாத்தே. உன் வேலையாவது நிக்கட்டும்.”

உட்கார்ந்தபடியேதான் சொன்னாள்.

ஒரே வீட்டு ஆட்கள் ரெண்டு பேருக்கு இந்தக் கடையில் வேலை கிடையாது. தெரிந்தால் ரெண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள். கடைக்குள் நான் அவளுக்கு அண்ணாத்தே.

காகிதத்தில் மேலே ‘வீ. அனுசுயா’ என்று இருந்தது. கீழே ‘வீராசாமி’ என்று எழுதினேன்.

அந்த இனிஷியல் யாருடையது என்று பிரசன்னா பார்த்துவிடட்டும் என்று கொஞ்ச நேரம் காகிதத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

பிடுங்கி மடித்துக்கொண்டு போனான்.