தாரா வீட்டுக் குடிபூரல்

மயில்வாகனம் தலைப்பாகையோடு நிமிர்ந்தபடியே, வாத்துகளுக்கென்று தான் கட்டிய தாரா வீட்டுக்குள் நுழைந்தார். வாசலின் மேல்நிலையில் தலைப்பாகை முட்டவில்லை. திரும்பி வெளியே வந்தபோதும் முட்டவில்லை. வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்ற பக்கத்துக் காணி அப்புத்துரைக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"மயிலண்ணை, தாராவும் தலைப்பாகை கட்டுமோ?"

"கூடு கூட்ட ஆள் உள்ள போகவேண்டாமோ? நான் எவனுக்கும் குனிஞ்சு போறவனில்லை. தாராவுக்கும் குனியமாட்டன்."

அவர் முத்தையன்கட்டுக் கொலனியில் வயல் செய்யும் கமக்காரர் சங்கத்தின் தலைவர். சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர். அந்தப் பெயரை ஊருக்குச் சொன்னவரும் அவர்தான்.

போன வைகாசிப் பொங்கலில், வற்றாப்பளை அம்மன் சந்நிதியில், சனம் எல்லாம் கேட்க ஒரு சத்தியம் பண்ணியிருந்தார். மகள் சிவனேஸ்வரி முல்லைத்தீவில் வலை இழுக்கும் வேதக்காரப் பொடியன் கிறிஸ்தோப்பரைக் கட்டிக்கொண்டு போன கோபம். "அவள் இருக்கிற கூரைக்குக் கீழ நான் படுக்கமாட்டன். அம்மாள் சாட்சி." அம்மாளுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் கண் போகும், கால் போகும் என்று பயப்படுகிற ஊர் அது. தலைவரும் அந்த ஊர்தானே.

தாராக் கூட்டுப் பேச்சு எழுமுன்பே சிவனேஸ்வரிக்கு மாதம் ஏறிக்கொண்டு வந்தது. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில்தான் பெறவேண்டும். தாய் அன்னபாக்கியம் கேட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், உலை வைக்காமலும் கிடந்து பார்த்தாள்.

"சத்தியம் சத்தியம்தான்" என்றார் மயில்வாகனம்.

பிறகு அவள் கேட்கவில்லை. ஒரு காலை, புட்டை முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "வளவுக்குள்ள தாரா வளர்ப்பமோ? முல்லைத்தீவுப் பக்கம் சொல்லி எடுப்பிக்கலாம். சின்னக் கூடு ஒண்டு காணும்."

சின்னக் கூடு என்ற சொல் அவரைச் சுட்டது. வவுனியாக் கண்காட்சியில் 'வாத்து வளர்ப்பு' என்று பலகை தொங்கிய மாதிரிக் கூட்டை நேரில் கண்டவர் அவர். அதைவிடப் பெரிதாக ஒன்று கட்டாவிட்டால் தலைவர் என்று எதற்கு இருக்கிறார்?

நரியும் மரநாயும் ஏறாதபடி பாலைமரக் கப்புகள் நட்டு, அதன்மேல் பலகைத் தளம் அடித்தார். தாரா வழுக்காமல் ஏறிப்போகக் குறுக்குச் சட்டம் வைத்த சரிவுப் பலகை. சுற்றிவரக் கம்பிவலை, வலைக்குள்ளே வாய்க்கால் தண்ணீர் விட்டு ஒரு சேற்றுக் குட்டை. தடியோடு நின்று, வந்தவன் போனவனுக்கெல்லாம் விளங்கப்படுத்தினார்.

அன்னபாக்கியம் அதிகம் தலையிடவில்லை. வாசல் வைக்கும்போது மட்டும் வந்து நின்றாள்.

"வடக்கால வையாதேங்கோ. வாடைக்காத்து நேர அடிச்சால் நெஞ்சில சளி கட்டும்."

"தாராவுக்கோ?"

"எந்தச் சீவனுக்கும் நெஞ்சு நெஞ்சுதானே."

மயில்வாகனம் இருமிக்கொண்டே வாசலைத் திருப்பினார். இவ்வளவு நீளம் வேண்டாம் என்று அவள் சொன்னதற்காகவே இன்னும் ஒரு முழம் நீட்டினார். கூரைக்குத் தென்னோலைக் கிடுகு ஒற்றையாகக் காணும் என்றாள். இரட்டையாக வேய்ந்தார்.

கூரை முடிந்த அன்று அப்புத்துரை காதில் ஏதோ ஊத, அவர் விறுவிறென்று குசினி வாசலுக்கு வந்தார்.

"இஞ்சேர், உண்மையைச் சொல்லு. அவளை அதுக்குள்ள கொண்டுவந்து வைக்கிற யோசினையோ?"

அன்னபாக்கியம் அகப்பையை வைத்துவிட்டு அவரை நேரே பார்த்தாள்.

"பிள்ளைத்தாச்சியைச் சேத்துக்கும் தாராவுக்கும் நடுவில படுக்கவைக்க எனக்கென்ன விசரே? அம்மாளாணை, அவள் அந்தக் கூட்டுக்குள்ள கால் வைக்கமாட்டாள்."

அம்மாளையே இழுத்த பிறகு சந்தேகம் ஏது? தலைவருக்கு நெஞ்சு ஆறிப்போனது.

தாரா வந்து சேரும் என்று அவள் சொன்ன நாளிலேயே, புதுவீட்டில் குடிபுகுகிற குடிபூரலுக்கு நல்லநேரம் பார்த்தார். இந்த வன்னியில் தாராவுக்குக் குடிபூரல் வைத்த முதல் ஆள் தானே என்று சொல்லிச் சொல்லிச் சனத்தை அழைத்தார். நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்து, சரிவுப் பலகையின் முன்னால் நின்று வாக்குத் தவறாமை பற்றி ஒரு பேச்சும் பேசினார். அது ஏன் தாரா வீட்டு வாசலில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பேச்சு முடியுமுன்னே வண்டில் வந்துவிட்டது. அதில் தாரா இல்லை.

கிறிஸ்தோப்பர் முதலில் குதித்து, வயிற்றைப் பிடித்தபடி இருந்த சிவனேஸ்வரியைக் கைத்தாங்கலாக இறக்கினான். அன்னபாக்கியம் சனத்தை விலக்கிக்கொண்டு போய் மகளின் தோளைப் பிடித்தாள். தாரா வீட்டைத் திரும்பியும் பாராமல், நேரே வீட்டுக்குள் கூட்டிப்போய், அறையில் பாய் விரித்துப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"மயிலண்ணை, அப்ப சத்தியம்?" என்றார் அப்புத்துரை. சனம் முழுக்கத் தலைவரின் வாயைப் பார்த்தது.

மயில்வாகனம் மனைவி பக்கம் திரும்பினார். "அவள் இருக்கிற கூரைக்குக் கீழ நான் படுக்கமாட்டன் எண்டு அம்மாள் சந்நிதியில சொன்னது உனக்குத் தெரியாதோ?"

அன்னபாக்கியம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டு வாசலை மறித்து நின்றாள்.

"தெரியும். அதுதானே உங்களுக்கெண்டு தனிக்கூரை போடுவிச்சனான்."